ஃபிரேம்வொர்க்கைச் சுற்றி ஒரு சமூகம்: ஜாங்கோ வந்த வழியில் ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர். அங்கே வெளிவந்த லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழின் இணையப் பிரிவில் 2003இல் ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர் வேலை பார்த்தார்கள். பத்திரிகை ஆபீஸ் அவசரம் தெரிந்ததுதானே. காலையில் கேட்ட பக்கம் மாலைக்குள் தளத்தில் ஏற வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்த பைத்தான் மொழி நிரலை ஒன்றாகத் திரட்டி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஜேக்கப் கப்லன்-மாஸ் வந்து சேர்ந்தார். 2005 ஜூலையில் அது பிஎஸ்டி என்ற திறந்த மூல உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதுதான் ஜாங்கோ, இணையதளம் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க் (ஆயத்த நிரல் சட்டகம்).

இன்றைக்கு ஜாங்கோவை நடத்துவது இந்த மூவரும் இல்லை. ஏட்ரியனும் ஜேக்கப்பும் 2014 ஜனவரியிலேயே தலைமைப் பொறுப்பிலிருந்து இறங்கிவிட்டார்கள். அதன் பிறகும் சுமார் 8 மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வந்துகொண்டே இருக்கிறது. தொடங்கியவர்கள் நகர்ந்த பிறகும் வண்டி ஓடுகிறதே, அது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டியின் விஷயம்.

நானும் ஒரு சின்ன பைத்தான் ஃபிரேம்வொர்க்கைப் பராமரிக்கிறவன். "நிரல் நன்றாகத்தான் இருக்கிறது, கிட்ஹப்பில் (நிரலைப் பகிரும் தளம்) ஸ்டார் கூட விழுகிறது, ஆனால் கைகொடுக்க யாரும் வரவில்லை" என்று என்னிடம் சொல்கிறவர்களை ஒரு தாள் எடுத்து எழுதச் சொல்வேன். உங்கள் ஒருவர் கையில் மட்டும் இருப்பவை என்னென்ன? உங்களுக்கு மட்டும் தெரிந்தது, நீங்கள் மட்டும் செய்வது, நீங்கள் மட்டும் முடிவெடுப்பது. அதில் ஒவ்வொன்றாக அடுத்தவர் கைக்கு மாற மாற சமூகம் வளர்கிறது. முதலில் அறிவு, பிறகு வேலை, பிறகு தீர்மானிக்கும் உரிமை. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: வாசலைச் சரிசெய்யுங்கள்

இது ஒரு மாலை வேலை. உரிமக் கோப்பு களஞ்சியத்தின் (திட்டத்தின் நிரல் இருக்கும் இடம்) முகப்பிலேயே இருக்கட்டும். உரிமம் இல்லாத நிரலை சட்டப்படி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். பிஎஸ்டி, எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சொந்தமாக உரிமம் எழுத வேண்டாம். வழக்கறிஞர்கள் ஏற்கெனவே படித்துப் பழகிய ஒன்றாக இருப்பது உங்களுக்கும் நல்லது, பயன்படுத்துகிறவர்களுக்கும் நல்லது.

ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் முதல் பத்தியில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: இது எதற்கு, யாருக்கு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது. "இன்னும் சோதனை நிலைதான், ஏபிஐ (மற்றவர் நிரல் இதை அழைக்கும் முறை) மாறலாம்" என்றால் அதையே எழுதுங்கள். உண்மையைச் சொன்ன திட்டத்தின் மேல் ஆட்களுக்குக் கோபம் வராது.

படி 2: முதல் ஒரு மணி நேரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

ஒரு சனிக்கிழமை, எங்கள் ஃபிரேம்வொர்க்கை அதற்கு முன் பார்த்தே இராத ஒரு கல்லூரி மாணவியை அவருடைய லேப்டாப்போடு உட்கார வைத்தேன். என் கையில் ஒரு நோட்டு. வாயைத் திறப்பதில்லை என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். நிறுவும் வழிமுறையில் நான் எழுதியிருந்த முதல் கட்டளை 'பைத்தான்3' என்று தொடங்கியது. அவருடையது விண்டோஸ். என்டர் தட்டியதும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டது. அதை மூடிவிட்டு எப்படியோ 'பை' என்ற கட்டளையைக் கண்டுபிடித்தார். அடுத்தது மெய்நிகர் சூழலை (திட்டத்துக்கெனத் தனியாக வைக்கும் பைத்தான்) இயக்க வேண்டும். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல் சிவப்பு எழுத்தில் ஒரு பத்தி கொட்டியது: இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் இயக்கத் தடை இருக்கிறது. 22ஆவது நிமிடம். எங்கள் ஃபிரேம்வொர்க்கின் ஒரு வரியைக்கூட அவர் இன்னும் தொடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "நான்தான் ஏதோ தப்பா பண்ணிட்டேன் போல அண்ணா" என்றார்.

தப்பு என்னுடையது. நான் லினக்ஸில் உட்கார்ந்து, என் கணினிக்கு மட்டும் பொருந்தும் வழிமுறையை எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். இல்லாதபோது இதே இடத்தில் நின்ற எத்தனை பேர் தங்களையே குறை சொல்லிக்கொண்டு லேப்டாப்பை மூடியிருப்பார்கள்! அவர்கள் யாரும் இஷ்யூ (பிழை அறிக்கை) எழுதப்போவதில்லை. சத்தமில்லாமல் போய்விடுவார்கள். அந்த வாக்கியம் நோட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்று இரவே மூன்று மாற்றம் செய்தேன். விண்டோஸுக்குத் தனிப் பகுதி. ஒவ்வொரு கட்டளைக்குக் கீழேயும் திரையில் என்ன தெரிய வேண்டும் என்ற மாதிரி. வழக்கமாக வரும் இரண்டு பிழைகளின் செய்தியை எழுத்து மாறாமல் போட்டு, அதன் கீழே தீர்வு. பிழைச் செய்தியை அப்படியே போடுவதற்குக் காரணம் உண்டு: ஜனங்கள் அதைத்தான் நகலெடுத்துத் தேடுகிறார்கள்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். மூன்று பேர் போதும். மூவருக்கும் மூன்று விதமான கணினி இருந்தால் இன்னும் நல்லது. உதவி செய்யக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை ஜாங்கோ தொடக்கத்திலிருந்தே கவனமாக இருந்தது. அதன் ஆவணங்கள் நான்கு வகையாகப் பிரிந்திருக்கும். கையைப் பிடித்து அழைத்துப்போகும் பாடம் ஒன்று. புதிதாக வருகிறவர் ஒரு சின்ன வாக்கெடுப்பு ஆப்பைக் கட்டி முடிப்பார். கருத்துகளை விளக்கும் கட்டுரைகள் இரண்டாவது. குறிப்பிட்ட ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று சொல்லும் செய்முறைகள் மூன்றாவது. ஒவ்வொரு ஃபங்ஷனையும் அதன் அளபுருக்களையும் விவரிக்கும் குறிப்புதவி நான்காவது. பெரும்பாலான சின்னத் திட்டங்களில் இந்த நான்காவது மட்டும்தான் இருக்கிறது, அதுவும் நிரலிலிருந்து தானாக உருவானது. அகராதியைக் கொடுத்து மொழி கற்றுக்கொள் என்று சொல்வது போல அது. நேரம் குறைவாக இருந்தால் முதல் வகையை மட்டுமாவது ஒழுங்காக எழுதுங்கள்.

படி 3: கேள்விக்கு ஓரிடம்

தொடக்கத்தில் எல்லாம் வேண்டும் என்று தோன்றும்: டிஸ்கார்ட், டெலிகிராம், வாட்ஸ்அப் குழு, மன்றம். ஒன்றே ஒன்று வையுங்கள். 30 பேரை நான்கு இடத்தில் பிரித்தால் நான்கிலும் சத்தமே இருக்காது. அந்த ஓரிடமும் தேடினால் கிடைக்கக்கூடிய பொது இடமாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் நீங்கள் பொறுமையாக எழுதிய அருமையான பதில் அடுத்த மாதம் வருகிறவருக்குக் கிடைக்காது.

தனிச்செய்தியில் கேள்வி வந்தால், "இதைப் பொதுவில் கேளுங்கள், அங்கேயே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்" என்று அன்பாகத் திருப்பிவிடுங்கள். பதில் தெரிந்தாலும் பொதுவில் கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள். ஒரு நாள் பொறுத்தால், போன மாதம் இதே கேள்வியைக் கேட்டவர் வந்து பதில் சொல்லிவிடுவார். சமூகத்தில் அவர் எடுத்துவைக்கும் முதல் அடி பெரும்பாலும் அதுதான். ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால் ஆவணத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள், பதில் சொன்னவரிடமே, "இதை ஆவணத்தில் சேர்த்து ஒரு புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரிக்கை) போடுகிறீர்களா?" என்று கேளுங்கள்.

பாதுகாப்புக் குறை மட்டும் விதிவிலக்கு. அதற்குத் தனி மின்னஞ்சல் முகவரி வைத்து, அதை எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவியுங்கள். ஜாங்கோவும் அப்படித்தான் செய்கிறது.

படி 4: சின்ன வேலைகளை ஒதுக்கி வையுங்கள்

பராமரிப்பாளர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. நானும் வருடக்கணக்கில் செய்தேன். ஐந்து நிமிட வேலை கண்ணில் பட்டால் அப்போதே முடித்துவிடுவோம். மிஞ்சுவது கடினமானவை மட்டும். புதிதாக வருகிறவர் பட்டியலைத் திறந்து பார்த்தால் எல்லாம் மலை போல நிற்கும்.

எளிய வேலைகளை நீங்கள் செய்யாதீர்கள், எழுதி வையுங்கள். ஜாங்கோவின் நிரல் 2012இல் கிட்ஹப்புக்கு வந்துவிட்டாலும், டிக்கெட்டுகள் (பிழை, வேலைக் குறிப்புகள்) இன்னமும் டிராக் என்ற பழைய கருவியில்தான் இருக்கின்றன. அதில் புதியவர்களுக்கு ஏற்ற வேலையைக் குறிக்க 'ஈஸி பிக்கிங்ஸ்' என்று ஓர் அடையாளம் உண்டு. கிட்ஹப்பில் இருப்பவர்களுக்கு 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற லேபிள் இருக்கிறது. ஆனால் லேபிளை மட்டும் ஒட்டிவிட்டுப் போனால் யாரும் வர மாட்டார்கள். டிக்கெட்டுக்கு உள்ளே எழுதியிருப்பதுதான் ஆளை இழுக்கும்.

"தேதிப் புலத்தில் பிழைச் செய்தி சரியில்லை" என்பது உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட குறிப்பு. புதியவருக்கு இப்படி எழுதுங்கள்: "தேதிப் புலத்தில் 31-02-2024 என்று கொடுத்தால், 'மதிப்பு தவறு' என்று மட்டும் வருகிறது. 'அந்த மாதத்தில் அப்படி ஒரு நாள் இல்லை' என்று வர வேண்டும். மாற்ற வேண்டிய இடம் புலங்கள் கோப்பில் சரிபார்க்கும் ஃபங்ஷன். பக்கத்திலேயே நேரப் புலத்துக்கு இதே மாதிரி ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துச் செய்யலாம். ஒரு டெஸ்ட் (நிரலைத் தானாகச் சோதிக்கும் சிறு நிரல்) சேர்க்க வேண்டும். ஓட்டும் கட்டளை இது. சிக்கினால் இங்கேயே கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன்." இதை எழுத 15 நிமிடம் ஆகும். நீங்களே சரிசெய்ய ஐந்து நிமிடம்தான். அந்தக் கூடுதல் பத்து நிமிடத்தைக் கொடுக்க மனம் வந்துவிட்டால் பாதித் தூரம் தாண்டியாயிற்று.

எத்தனை வைப்பது? எப்போது பார்த்தாலும் ஐந்தாறு இருந்தால் போதும். யாராவது ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் சத்தமில்லாமல் இருந்தால், "இன்னும் செய்துகொண்டிருக்கிறீர்களா? நேரம் இல்லையென்றால் பரவாயில்லை, வேறொருவருக்கு விட்டுவிடலாம்" என்று கேளுங்கள். பரீட்சை, வேலை, வீடு என்று எல்லோருக்கும் இருக்கும்.

படி 5: முதல் புல் ரெக்வெஸ்ட்டுக்கு எழுதும் பதில்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் புல் ரெக்வெஸ்ட் போடுகிறவர் அன்றைக்கு இரவு எத்தனை முறை அந்தப் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்திருப்பார் என்று நமக்குத் தெரியாது. என் முதல் பேட்ச் (நிரல் திருத்தம்) ஒரு பெரிய திட்டத்துக்குப் போனது. நான்கு மாதம் பதிலே இல்லை. அப்புறம் ஒரு வரி வந்தது: "டெஸ்ட் இல்லை." நான் திரும்பப் போகவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை; வேலை மிகுந்தவர்கள். ஆனாலும் நான் போகவில்லை.

இரண்டு நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் போய்விட வேண்டும். முழுதாகப் படிக்க நேரம் இல்லையா? "பார்த்தேன், நன்றி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கிறேன்" என்பது போதும். சொன்னபடி ஞாயிறு படித்துவிடுங்கள்.

படித்த பிறகு எழுதும் பதில் இப்படி இருக்கலாம்: "பிழை எங்கே இருக்கிறது என்று சரியாகப் பிடித்துவிட்டீர்கள், மூன்று பேர் பார்த்தும் எங்களுக்குப் பிடிபடாதது. இரண்டு விஷயம் பாக்கி. ஒன்று, ஒரு டெஸ்ட் வேண்டும். டெஸ்ட் கோப்பில் 140ஆவது வரியில் இதே போன்ற ஒன்று இருக்கிறது, அதை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு, அந்த மாறியின் பெயர் மற்ற இடங்களில் வேறு மாதிரி இருக்கிறது. இது சின்னது, வேண்டுமானால் மெர்ஜ் செய்யும்போது (களஞ்சியத்தில் சேர்க்கும்போது) நானே மாற்றிவிடுகிறேன்." எது சரியாக இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லியிருக்கிறது. எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரித்திருக்கிறது. அடுத்து எங்கே கை வைக்க வேண்டும் என்றும் காட்டியிருக்கிறது. காற்புள்ளி, இடைவெளி, வரி நீளம் இவற்றைப் பற்றி மனிதர் பேசவே கூடாது. அதற்குக் கருவி வைத்துவிடுங்கள். ஜாங்கோ 2022இல் தன் பைத்தான் நிரல் முழுவதையும் பிளாக் என்ற வடிவமைப்பான் வழியாக ஓட்டியது. அதோடு அந்தப் பேச்சு தீர்ந்தது.

சில பேட்ச்களை ஏற்க முடியாது. அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஏன் ஏற்கவில்லை என்று இரண்டு மூன்று வரியில் காரணம் எழுதி மூடுங்கள். இந்த வசதியை ஃபிரேம்வொர்க்குக்கு வெளியே தனிப் பொதியாகச் செய்ய முடியுமென்றால் அதையும் சொல்லுங்கள். ஜாங்கோவில் 'செய்யப்போவதில்லை' என்று மூடிய டிக்கெட்டை, உடன்படாதவர் தானாகத் திறந்துவிடக் கூடாது, விவாதத்துக்குக் கொண்டுபோகலாம். கதவை மூடினாலும் பேசுவதற்கு ஒரு ஜன்னல் இருக்கிறது.

இன்னொன்று. அவர் நிரலை நீங்கள் திருத்தி எழுதி உங்கள் பெயரில் கமிட் (களஞ்சியத்தில் பதிவு) செய்துவிடாதீர்கள். கமிட்டில் அவர் பெயர் நிற்கட்டும். நீங்கள் மாற்றியிருந்தால் இணை ஆசிரியராகச் சேர்ந்துகொள்ளுங்கள். ஜாங்கோவின் களஞ்சியத்தில் பங்களித்தவர்கள் பெயர் தாங்கிய ஒரு கோப்பு ஆரம்ப காலத்திலிருந்து இருக்கிறது. அதைத் திறந்து கீழே உருட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். பெயர் போடுவதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆவணம் திருத்தியவர், மொழிபெயர்த்தவர், கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் எல்லோருக்கும் அதில் இடம் கொடுங்கள்.

படி 6: பார்க்கும் வேலையையும் பகிருங்கள்

நிரல் எழுத ஆட்கள் கிடைத்துவிடுவார்கள். அதைப் படித்துப் பார்க்கிறவர்தான் கிடைக்க மாட்டார், அங்கேதான் எல்லாத் திட்டமும் திணறும். ஜாங்கோவில் கணக்கு வைத்திருக்கும் யாரும் ஒரு டிக்கெட்டைப் பரிசோதித்து, பிழை உண்மையா என்று உறுதிசெய்து, அதன் நிலையை மாற்றலாம். ஒரு பேட்ச் 'சேர்க்கத் தயார்' என்று குறிக்க எழுதியவரைத் தவிர வேறொருவர் பார்த்திருக்க வேண்டும். அந்த வேறொருவர் பெரிய பதவியில் இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பேட்ச் அனுப்பியவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இன்னொருவருடையதை ஒருமுறை பார்த்துச் சொல்கிறீர்களா?" அநேகமாக, "எனக்கு அவ்வளவு தெரியாதே" என்பார். பரிசோதிக்க வேண்டியதைப் பட்டியலாகக் கொடுங்கள்: அந்தக் கிளையை (மாற்றம் உள்ள நிரல் பிரதி) இறக்கிப் பார்த்தால் ஓடுகிறதா, திருத்தம் இல்லாத பழைய நிரலில் புதிய டெஸ்ட் தோற்கிறதா, ஆவணம் மாறியிருக்கிறதா. இதற்கு நிபுணர் வேண்டாம்.

படி 7: நடத்தை நெறிகள்

பத்துப் பேர் இருக்கும்போதே எழுதி வையுங்கள். சண்டை வந்த பிறகு எழுதினால் ஒரு தரப்பை நோக்கி எழுதியது போலாகிவிடும். ஜாங்கோ 2013இல் ஏற்றுக்கொண்டது. 2014இல் வெளியான காண்ட்ரிப்யூட்டர் கவனன்ட் என்ற பொது ஆவணத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் புகாருக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள். இரண்டு பேரின் தொடர்பு இருக்கட்டும், ஏனென்றால் புகார் உங்களைப் பற்றியும் இருக்கலாம். திறமைசாலி ஒருவர் எல்லோரிடமும் எரிந்து விழுகிறார் என்றால், அவருடைய கமிட் எண்ணிக்கையைக் காட்டிப் பொறுத்துப் போகாதீர்கள். அவரால் வராமல் போனவர்களின் கமிட் எந்தக் கணக்கிலும் தெரியாது.

படி 8: நம்பி வந்தவர்களை நட்டாற்றில் விடாதீர்கள்

2014இல் இணையப் பக்கங்களுக்கான ஃபிரேம்வொர்க்கான ஆங்குலரின் குழு இரண்டாம் பதிப்பை அறிவித்தது. பழையதிலிருந்து முற்றிலும் மாறுபட்ட வடிவம். எப்படி மாறிவருவது என்ற தெளிவான வழி அப்போது காட்டப்படவில்லை. புதியது வெளிவந்ததோ 2016 செப்டம்பரில். இடைப்பட்ட காலத்தில் பலர் ரியாக்ட், வ்யூ என்ற போட்டிக் கருவிகள் பக்கம் நகர்ந்தார்கள். நல்ல பொறியாளர்கள், பெரிய நிறுவனத்தின் ஆதரவு எல்லாம் இருந்தும் அந்தத் தவிப்பைத் தடுக்க முடியவில்லை.

ஜாங்கோவின் வழக்கம் வேறு. ஒன்றை நீக்குவதென்றால் முதலில் எச்சரிக்கை வரும், அதற்குப் பிறகு குறைந்தது இரண்டு பதிப்புக் காலம் அது வேலை செய்யும், அப்புறம்தான் போகும். சில பதிப்புகளுக்கு நீண்ட கால ஆதரவும் உண்டு, மூன்று வருடம் வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். ஒவ்வொரு பதிப்போடும் வரும் குறிப்பில் எது மாறியது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும். உங்களுடையது சின்னத் திட்டம் என்றால் மூன்று வருடமெல்லாம் வாக்குக் கொடுக்க வேண்டாம். காப்பாற்ற முடிந்த அளவு சொல்லுங்கள். ஒரு பதிப்பு முன்கூட்டியே எச்சரிக்கை என்றாலும் சரி, அதை மீறாமல் இருங்கள்.

படி 9: போய் அழைத்து வாருங்கள்

வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம், விருப்பமுள்ளவர் வரட்டும் என்று இருந்தால், ஏற்கெனவே அந்தத் தெருவில் நடக்கிறவர்கள்தான் வருவார்கள். 2014 ஜூலையில் பெர்லினில் யூரோபைத்தான் மாநாடு நடந்தபோது ஓலா சிதார்ஸ்கா, ஓலா செந்தெட்ஸ்கா என்ற இரு பெண்கள், நிரலே எழுதியிராத பெண்களுக்காக ஒரு பட்டறை நடத்தினார்கள். கட்டணம் இல்லை. வந்தவர்கள் ஒரு வலைப்பூவைத் தாங்களே கட்டி இணையத்தில் ஏற்றினார்கள். அதுதான் ஜாங்கோ கேர்ள்ஸ்.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பாடத்தைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். பட்டறை நடத்துவது எப்படி என்பதையும் எழுதி வைத்தார்கள்: எப்படி அழைப்பது, எத்தனை பேருக்கு ஒரு பயிற்றுநர், என்னென்ன தயார் செய்வது. அதனால் தெரிந்த யாரும் தங்கள் ஊரில் நடத்த முடிந்தது, பல நாடுகளுக்குப் பரவியது. உங்கள் பட்டறையையும் அடுத்தவர் உங்களைக் கேட்காமலே நடத்தும்படி எழுதி வையுங்கள்.

2023இல் தொடங்கிய ஜாங்கோநாட் ஸ்பேஸ் அடுத்த கட்டத்துக்கு உதவுகிறது. ஓரளவு தெரிந்தவர்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, 8 வாரம் ஒரு வழிகாட்டியோடு சேர்ந்து ஜாங்கோவுக்கே பங்களிக்க வைக்கிறார்கள். சின்னத் திட்டத்தில் இதை இருவரோடு செய்யலாம். வாரம் ஒரு மணி நேரம், வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்து, ஒரு டிக்கெட்டை எடுப்பதிலிருந்து மெர்ஜ் ஆவது வரை கூடவே இருங்கள். அப்படி எட்டு வாரம் கூட இருந்தவர்களை நான் பின்னர் ஆள் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களே வந்து நின்றார்கள்.

மொழிபெயர்ப்பு இன்னொரு நல்ல வாசல். ஜாங்கோவுக்குள் தமிழுக்கும் ஒரு மொழிக் கோப்புறை இருக்கிறது, தன்னார்வலர்கள் செய்தது. நிரல் எழுதத் தயங்குகிறவர் முப்பது வாக்கியத்தைத் தமிழாக்கித் தருவார், அந்த வழியாகக் களஞ்சியம் பழகும். சென்னையில் சென்னைபை போன்ற பைத்தான் குழுக்கள் மாதாமாதம் கூடுகின்றன. அங்கே போய் 20 நிமிடம் பேசுங்கள். பேச்சு முடிந்ததும் கிளம்பிவிடாமல் இருந்து, "லேப்டாப் இருப்பவர்கள் வாருங்கள், இப்போதே நிறுவிப் பார்ப்போம்" என்று கூப்பிடுங்கள்.

பரிசு கொடுத்து ஆள் சேர்ப்பதில் கவனம் வேண்டும். 2020 அக்டோபரில், நான்கு புல் ரெக்வெஸ்ட்டுக்கு ஒரு டி-சர்ட் என்ற ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வால், ரீட்மீயில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்த பேட்ச்கள் உலகெங்கும் குவிந்தன. பராமரிப்பாளர்கள் திணறிப்போனார்கள், மாதத் தொடக்கத்திலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும் கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

படி 10: முடிவெடுக்கும் உரிமை

இதுதான் மனசுக்குக் கஷ்டமான படி. கொடுக்கத் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் சாட்சி. ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் அது மெதுவாக நகர்கிறது என்று சலித்துப்போன முக்கியப் பங்களிப்பாளர்கள் 2014 டிசம்பரில் ஐஓ.ஜேஎஸ் என்று பிரிந்து போனார்கள். திறந்த நிர்வாகம், அடிக்கடி வெளியீடு என்று அது ஓடியது. 2015இல் பொது அறக்கட்டளை ஒன்று அமைந்து, அந்த செப்டம்பரில் நோட் 4.0 என்று இரண்டும் ஒன்றாயின. பிரிந்தவர்களின் நிர்வாக முறைதான் ஒன்றானதிலும் நிலைத்தது.

ஜாங்கோ இன்னும் துணிந்து ஒன்று செய்தது. பல வருடமாக அதற்கு ஒரு 'கோர் டீம்' இருந்தது. பட்டியலில் பெயர்கள் நிறைய, ஆனால் உண்மையில் மெர்ஜ் செய்துகொண்டிருந்தது சம்பளம் பெற்ற ஓரிருவர்தான். புதியவர்கள் அந்தப் பதவியை எட்டாத உயரமாகப் பார்த்தார்கள். 2020இல் அந்தக் குழுவையே கலைத்தார்கள். மெர்ஜ் செய்பவர், வெளியீடு செய்பவர் என்று வேலையை மட்டும் பிரித்துக் கொடுத்து, தீர்மானம் தேவைப்படும்போது தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் குழு பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. பைத்தானிலும் அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018 ஜூலையில் விலகிய பிறகு, 2019இலிருந்து ஐவர் குழுதான் நடத்துகிறது.

உங்களுக்கு இவ்வளவு அமைப்பு தேவையில்லை. ஒரு பக்கம் போதும். யார் மெர்ஜ் செய்யலாம், அந்த உரிமை எப்படிக் கிடைக்கும், கருத்து வேறுபட்டால் யார் சொல்வது இறுதி, ஒரு வருடம் வராதவரின் உரிமை என்ன ஆகும். இந்த நான்கையும் எழுதுங்கள். பிறகு ஒருவருக்கு முதல் உரிமையைக் கொடுங்கள். ஆவணப் பகுதியில் தொடங்கலாம். கொடுத்த பிறகு அவர் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், பெரிய தீங்கு இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒருமுறை மேலே ஏறி மாற்றினீர்கள் என்றால், அப்புறம் எல்லாமே உங்களிடம் கேட்டுத்தான் நடக்கும்.

அதே சமயம் எக்ஸ்-இசட் கதையையும் மறக்க முடியாது. உலகமெங்கும் லினக்ஸில் இருக்கும் அந்தச் சுருக்கும் கருவியைப் பராமரித்தவர் ஒருவர்தான், களைத்துப்போனவர். ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பேட்ச்களாக அனுப்பி நம்பிக்கை பெற்றார். வேறு சில கணக்குகள், "அவருக்கு உரிமை கொடுங்கள்" என்று பராமரிப்பாளரை நெருக்கின. கடைசியில் வெளியீட்டுப் பொதியில் பின்கதவு வைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து அதைக் கண்டுபிடித்தார். தீங்கான கட்டுமான ஸ்கிரிப்ட் பொதியில்தான் இருந்தது, கிட் களஞ்சியத்தில் இல்லை. எனவே உரிமையைப் படிப்படியாகக் கொடுங்கள். வெளியீட்டுப் பொதி பொதுவில் தெரியும் களஞ்சியத்திலிருந்து தானாக உருவாகட்டும். இரண்டடுக்கு உறுதிப்பாடு எல்லோருக்கும் கட்டாயம். நெருக்குகிறார்கள் என்பதற்காக ஒருபோதும் கொடுக்காதீர்கள். களைப்பாக இருந்தால் அதைப் பொதுவில் சொல்லி, வெளியீட்டை நிறுத்தி வைத்தாலும் தவறில்லை.

படி 11: பணம்

ஜாங்கோ மென்பொருள் அறக்கட்டளை 2008இல் தொடங்கியது. நன்கொடையில் வந்த பணத்தை எங்கே செலவழித்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. 2014இல் தொடங்கிய ஃபெலோ திட்டத்தில், டிக்கெட் பார்ப்பது, பேட்ச் படிப்பது, பாதுகாப்புக் குறைகளைக் கையாள்வது, வெளியீடு செய்வது என்று தன்னார்வலர்கள் தொடர்ந்து செய்யச் சிரமப்படும் வேலைக்கு ஆள் வைத்தார்கள். புதிய வசதிகளை எழுதுவது பெரும்பாலும் தன்னார்வலர் கையிலேயே இருந்தது. பணம் வந்தால் நீங்களும் முதலில் அந்தச் சலிப்பான வேலைக்கே கொடுங்கள். மாதம் சில மணி நேரம் என்றாலும் சரி. யார் கொடுத்தார்கள், எதற்குப் போனது என்று கணக்கைப் பொதுவில் வையுங்கள்.

படி 12: இரண்டு வாரம் விடுப்பு எடுங்கள்

ஸ்டார் எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை. இரண்டாம் முறை திரும்பி வந்தவர்கள் எத்தனை, முதல் பதிலுக்கு எத்தனை நாள் ஆகிறது, நான் இல்லாமல் மெர்ஜ் ஆனவை எத்தனை என்று மூன்று எண்ணை மாதம் ஒருமுறை நோட்டில் எழுதுவேன். அதைவிட நல்ல சோதனை விடுப்பு. முன்கூட்டியே சொல்லிவிட்டு 14 நாள் களஞ்சியத்தைத் திறக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் எங்கெங்கே நின்றுபோயிருக்கிறது என்று பாருங்கள். எனக்கு முதல் தடவை மூன்று இடத்தில் நின்றிருந்தது. பொதியைப் பைத்தான் பொதிகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் ஏற்றும் உரிமை என்னிடம் மட்டும் இருந்தது. ஆவணத் தளத்தின் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது, சர்வர் கடவுச்சொல் வேறு யாருக்கும் தெரியாது. ஒரு பேட்சை நான்கு பேர் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தும், "அண்ணா வந்து பார்க்கட்டும்" என்று கீழே எழுதி நிறுத்தியிருந்தார்கள். முதல் இரண்டையும் அன்றைக்கே சரிசெய்துவிட்டேன். மூன்றாவதற்கு, அந்த நால்வரில் முதலில் பார்த்தவருக்கு மெர்ஜ் உரிமையைக் கொடுத்து, அந்த பேட்சை அவரையே சேர்க்கச் சொன்னேன்.